அப்பாவுக்கு மறதியும் கால் இறுக்கமும்: மதுரைப் பக்கம் யாரிடம் காட்டலாம்?

அப்பாவுக்கு 69 வயது, ஊர் திருமங்கலம். சர்க்கரை, பிரஷர் உண்டு. 2023 கடைசியில் முதலில் கால்தான் விறைத்தது. மறதி அடுத்த வருடம். இப்போது சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் "சோறு போடலையா" என்கிறார். சிறுநீரும் அடக்க முடிவதில்லை.

பார்க்கின்சன் (நடுக்கமும் இறுக்கமும் வரும் நரம்பு நோய்) என்று சின்டோபா மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் போட்டும் நடையில் மாற்றமே இல்லை. பிசியோதெரபிஸ்ட்தான் கவனித்தார்: முழங்காலை மெதுவாக மடக்கினால் மடங்குகிறது, சட்டென்று மடக்கினால் பிடித்துக்கொள்கிறது. பாதத்தை வேகமாக மேலே தள்ளினால் தையல் மிஷின் மாதிரி தடதடவென்று அடிக்கிறது. பார்க்கின்சன் இறுக்கம் எவ்வளவு மெதுவாக மடக்கினாலும் இருக்குமாம்; இது ஸ்பாஸ்டிசிட்டி, அதாவது மூளை அல்லது தண்டுவடப் பாதிப்பால் வரும் தசை விறைப்பு என்றார். பிறகு தசையைத் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரை, 10 மி.கி. மூன்று வேளை. கால் கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் பகலெல்லாம் தூக்கம், குழப்பமும் கூடியது. டாக்டரைக் கேட்டு அளவைக் குறைத்திருக்கிறோம்.

தைராய்டு, பி12, விடிஆர்எல் (சிபிலிஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை) நார்மல். மூளை எம்ஆர்ஐயில் சின்ன ரத்தக்குழாய் பாதிப்பு, வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் இருக்கும் அறை) சற்றுப் பெரிது. கழுத்து எம்ஆர்ஐயும், மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று அறிய முதுகில் நீர் எடுத்து நடையைப் பார்க்கும் டேப் டெஸ்டும் இதுவரை யாரும் எழுதித் தரவில்லை. என் சந்தேகமே அங்கேதான். மறதிக்குக் காரணம் மூளையிலும், இறுக்கத்துக்குக் காரணம் கழுத்துத் தண்டுவடத்திலும் தனித்தனியாக இருக்கலாமே! "வயசாயிடுச்சு" என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

மதுரை, திருச்சி வட்டாரத்தில் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் நியூராலஜிஸ்ட் யார்?