ஆடிப்பட்டம் நியூ ஜெர்சியிலும் செல்லும்

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து இந்தக் கோடையில் நியூ ஜெர்சி வந்து இறங்கியவர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள், வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்திக்கு இடம் இருக்கிறது, அடுத்த ஏப்ரல் வரைக்கும் சும்மா போடுவதா என்று. போடாதீங்க. இங்கே இரண்டாவது போகம் ஒன்று இருக்கிறது, அதுவும் நம்ம ஆடியில்தான் ஆரம்பிக்கிறது.

முதல் வருசம் எனக்கு இது தெரியாது. ஊரில் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்த பழக்கத்தில் செப்டம்பரில் வெண்டை ஊன்றினேன். ஒரு சாண் வளர்ந்து அப்படியே நின்றுவிட்டது. குளிர்தான் காரணம் என்று நினைத்தேன், பாதிதான் சரி. கோவையில் வருசத்தின் மிகக் குட்டைப் பகலே பதினொன்றரை மணி நேரம் இருக்கும். இங்கே டிசம்பரில் ஒன்பதே கால் மணி நேரம்தான். பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போனால் குளிர் தாங்கும் செடிகூடச் சாகாதே தவிர, வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும். அதனால் அதற்குள் வளர்ந்து முடிந்திருக்க வேண்டும்.

கணக்கு பின்னாலிருந்து போட வேண்டும். எங்கள் பகுதியில் முதல் உறைபனி பெரும்பாலும் அக்டோபர் நடுவிலிருந்து மாதக் கடைசிக்குள் வரும். விதைப் பாக்கெட்டில் பீட்ரூட்டுக்கு 55 நாள் என்று போட்டிருந்தால், வெயில் குறைவதற்காக இன்னும் 14 நாள் கூட்டுங்கள். அக்டோபர் 20-லிருந்து 69 நாள் பின்னால் போனால் ஆகஸ்ட் 12. நம்ம காலண்டரில் ஆடி கடைசி வாரம்! அப்பாரு மழைக்காகச் சொன்ன பட்டம் இங்கே பனிக்காகப் பொருந்துகிறது.

கேரட், பீட்ரூட் ஆடியில். முட்டைக்கோஸ், கேல் (முட்டைக்கோஸ் இனத்துக் கீரை) இரண்டும் நாற்றாக வாங்கி ஆவணியில் நடுங்கள், அன்றைக்கே மேலே வலை போட்டுவிடுங்கள், இல்லையென்றால் வெள்ளைப் பட்டாம்பூச்சி வந்து இலைக்கடியில் முட்டை வைத்துவிட்டுப் போகும். முள்ளங்கி முப்பது நாள் பயிர், செப்டம்பர் நடுவரை விதைக்கலாம். வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் ஜூலை வெயிலில் பூவெடுத்து ஏமாற்றும், செப்டம்பரில் போட்டால் தழை தழையாக வரும். பாலக் மட்டும் அவசரப்படக் கூடாது, மண் சூடாக இருந்தால் முளைக்காது.

பனி விழும் இரவு எதுவென்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். மேகமே இல்லாமல், காற்றும் அசையாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். சாயங்காலமே பாத்திக்குத் தண்ணீர் விட்டு, பழைய பெட்ஷீட்டை நாலு குச்சி ஊன்றி மேலே போர்த்திவிடுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். தக்காளியில் மிச்சமிருப்பதைப் பச்சையாகவே பறித்துத் துவையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது ஒரு பனிக்குத் தாங்காது.

கேல் வேறு ரகம். காலையில் போய்ப் பார்த்தால் இலை ஓரமெல்லாம் உப்புத் தூவியது மாதிரி வெள்ளையாக, அப்பளம் போல விறைத்து நிற்கும். முதல் தடவை பயந்துபோய் ஒடித்துப் பார்த்தேன், மடக்கென்று உடைந்தது. தொடாமல் விட்டிருந்தால் பத்து மணி வெயிலுக்குத் தானாக நிமிர்ந்திருக்கும். உறையாமல் இருக்க அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது, அதனால் பனி பட்ட பிறகு பறித்துக் கடைந்தால் கசப்பு குறைந்து அரிசிம்பருப்புக்கு நன்றாகவே சேரும். கேரட்டும் அப்படித்தான்.

தோண்டுவதற்கு முன்னால் ஒன்று. 1978-க்கு முந்தைய வீடாக இருந்தால் பழைய பெயின்ட்டிலிருந்து சுவரோர மண்ணில் ஈயம் இறங்கியிருக்கக்கூடும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மண் பரிசோதனைக் கூடத்துக்கு மண்ணை அனுப்பிப் பாருங்கள், அதுவரை தொட்டியில் போடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்காமல் புல்தரையில் மம்பட்டி வைக்காதீங்க.

அப்புறம், ஊரிலிருந்து விதை கொண்டுவரலாமா என்று கேட்டவருக்கு: தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் பெட்டியில் போடாதீங்க, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலைச் செடி வேண்டவே வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் வாழும் என்பதால் அதற்குக் கட்டுப்பாடு அதிகம்.

பூண்டு கேட்டவருக்கும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் பல்லைப் பிரித்து, கூர்முனை மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி, மேலே உதிர்ந்த இலைகளைக் குவித்துவிடுங்கள். பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து அடுத்த ஜூலையில் பிடுங்க வரும். கடைப் பூண்டு சில சமயம் முளைக்காது, விதைப் பூண்டாகவே வாங்குங்க.