ஊர்ப் பம்பையும் பட்டாளத்து பியூகிளும்

ஓமலூர்க்காரன்:
பக்கத்து ஊர்ப் பையன் எல்லையில் இறந்தபோது உடல் கோவை வரை விமானத்தில் வந்தது. அங்கிருந்து ராணுவ வண்டி. வழிநெடுக மாலை போட நிறுத்தியதில் வீடு வர மதியமாகிவிட்டது. பம்பைக்காரர்கள் காலையிலிருந்தே காத்திருந்தார்கள். உடன் வந்த சுபேதார், ராணுவ முறைப்படி நடக்கட்டும், மேளம் வேண்டாம் என்றார். பையனின் பெரியப்பா விடவில்லை. "உங்களுக்குச் சேர்ந்த நாளிலிருந்து சிப்பாய். எங்களுக்குப் பிறந்த நாளிலிருந்து பிள்ளை. மேளம் இல்லாமல் அனுப்ப மாட்டோம்." சுபேதார் கொஞ்சம் யோசித்தார். "சரி ஐயா, முதலில் உங்கள் முறை. அது ஓய்ந்ததும் எங்கள் முறை."

அப்படியே நடந்தது. மயானத்தில் பம்பை நின்றதும் வீரர்கள் துப்பாக்கிகளைத் தலைகீழாகத் திருப்பித் தலை குனிந்தார்கள். வானை நோக்கிச் சுட்டார்கள். பிறகு ஒற்றை பியூகிள். பம்பைக்காரர் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது என்ன மெட்டு?

மலைமேல் ஹவில்தார், ஏற்காடு:
தம்பி, அது லாஸ்ட் போஸ்ட். பிரிட்டிஷ் முகாம்களில் இரவுக் காவல் நிலைகளைச் சுற்றிப் பார்த்து முடித்ததும் ஊதிய சைகை. அன்றைய நாள் முடிந்தது, படுக்கலாம் என்று பொருள். பிற்பாடுதான் இறந்தவனுக்கும் அதையே ஊதினார்கள். நம் படையும் அதை வைத்துக்கொண்டது. துப்பாக்கியைத் திருப்பும் கட்டளைக்கு 'ஷோக் சஸ்த்ர' என்று பெயர்.

நான் வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் கற்றுக்கொண்டவன். பியூகிளில் பொத்தான் கிடையாது, விரலுக்கு வேலையே இல்லை. உதட்டின் இறுக்கமும் மூச்சும்தான் சுரத்தை மாற்றும். கைவசம் இருக்கும் சுரங்களும் மிகச் சில. அதனால் ஒன்று பிசகினாலும் ஊருக்கே தெரிந்துவிடும். குளிரில் பித்தளை சுருதி இறங்கும். நீலகிரிக் காலைகளில் வாய்முனையை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருப்போம். அழுகிற வீட்டின் முன் நின்று ஊதும்போது தொண்டை அடைத்தால் தொலைந்தோம். தாயின் முகத்தைப் பார்க்காதே, எதிரே உள்ள மரத்தைப் பார் என்பார் எங்கள் உஸ்தாத்.

சில விழாக்களில் பதிவு செய்ததை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஊதுகிறவன் மூச்சுத் திணறுவதும் மரியாதையில் சேர்த்திதான்.

ஆத்தூர் மருமகள்:
பெரியப்பா பிடிவாதம் பிடித்தது சரி என்பேன். தர்மபுரி, சேலம் பக்கம் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடும் கற்கள் பலவும் போரிலோ ஆநிரை மீட்பிலோ செத்தவனின் நடுகற்கள்தாம். கல்லைத் தேடுவதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. 2019-இல் தில்லியில் திறந்த தேசியப் போர் நினைவகத்திலும் வீரர்களின் பெயர்களைக் கருங்கல்லில்தானே பொறித்திருக்கிறார்கள்?

ஒரு கேள்வி. பெட்டியின் மேலிருந்த கொடியை என்ன செய்தார்கள்?

ஓமலூர்க்காரன்:
காவிப் பட்டை தலைப்பக்கம் வரும்படி போர்த்தியிருந்தார்கள் அக்கா. கொடியை எரிக்கவோ குழிக்குள் இறக்கவோ கூடாதாம். தீ மூட்டும் முன் மடித்து அம்மாவின் கையில் கொடுத்தார்கள். அவர் அதை யாரிடமும் தரவில்லை.

ஐயா, வருட நினைவுநாளுக்கு நீங்கள் வந்து ஊத முடியுமா? ஒலிபெருக்கி வைக்க மாட்டோம்.

மலைமேல் ஹவில்தார், ஏற்காடு:
பல் இரண்டு போய்விட்டது தம்பி, மேல் சுரம் நிற்காது. என்னிடம் கற்ற பையன் ஒருவன் அஸ்தம்பட்டியில் இருக்கிறான், அவனை அனுப்புகிறேன். பம்பைக்காரர்களிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.