இது மணத்தக்காளிதானா, விஷச்செடியா?

தொட்டிச்செடி:
ரோஜாத் தொட்டியில் தானாக ஒரு செடி முளைத்து முழங்கால் உயரம் வந்துவிட்டது. சின்ன வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், பழம் பச்சையாக இருந்து கறுப்பாகிறது. மணத்தக்காளி என்றுதான் நினைத்தேன், ஆனால் செடியை அடையாளம் காட்டும் ஆப்பில் படம் போட்டால் 'பிளாக் நைட்ஷேட்' என்று வருகிறது, கூடவே விஷம் என்று எச்சரிக்கை வேறு. பிள்ளைகள் பறிக்கத் துடிக்கிறார்கள். விடலாமா, பிடுங்கிப் போடவா?

தாவரப்பித்து:
ஆப் சொன்னது தப்பில்லை, மணத்தக்காளிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். மிளகுதக்காளி, சுக்குட்டி என்பதும் இதைத்தான். தக்காளி, கத்தரி, உருளை எல்லாமே நைட்ஷேட் குடும்பம், அதனால் அந்தப் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். மிரள வேண்டியது 'டெட்லி நைட்ஷேட்' என்கிற பெல்லடோனாவைப் பார்த்து. அதில் அட்ரோபின் என்கிற கொடிய நஞ்சு இருக்கிறது, சில பழங்களே ஒரு குழந்தையின் உயிரை எடுத்துவிடும். அதன் பூ மணி மாதிரி, மங்கிய ஊதா. பழம் தனித்தனியாக, ஒரு செ.மீ.க்கு மேல் பருத்து, அடியில் பச்சைப் புல்லிவட்டம் நட்சத்திரமாக விரிந்திருக்கும். மணத்தக்காளியில் ஒரே காம்பில் நாலைந்து கொத்தாகத் தொங்கும், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

தொட்டிச்செடி:
கொத்தாகத்தான் இருக்கிறது, அப்பாடா!

களைபறிப்பவள்:
அதற்காகக் காயை அப்படியே தின்ன விடாதீர்கள். பச்சைக் காயில் சோலனின் என்கிற நச்சுப்பொருள் உண்டு, நிறையப் போனால் வாந்தி, வயிற்றுவலி. பழுக்கப் பழுக்கத்தான் குறையும். முழுக்கக் கறுத்துக் கை பட்டதும் கழன்று வருவதை மட்டும் பறிக்கச் சொல்லுங்கள். கீரையென்றால் வேகவைத்துத்தான்.

விதைப்பொட்டலம்:
ஒரு சின்னத் திருத்தம். மணத்தக்காளி என்று நாம் சொல்வது ஒரே இனமில்லை, தாவரவியலில் வேறு வேறு பெயருள்ள சில இனங்கள். சோலனம் நைக்ரத்துக்கு 72 குரோமோசோம், சோலனம் அமெரிக்கானத்துக்கு 24. பின்னதில் பழம் பளபளவென்றிருக்கும், காம்புகள் கிட்டத்தட்ட ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பி போலப் பிரியும். ஆரஞ்சாகப் பழுப்பது சோலனம் வில்லோசம், அதுவும் உறவுதான். பெயரில் தகராறு தீராது, விடுங்கள்.

களைபறிப்பவள்:
குரோமோசோம் இருக்கட்டும், அது ரோஜாத் தொட்டி என்றீர்களே, பூச்சிமருந்து அடிப்பதுண்டா? அடித்திருந்தால் இந்தச் செடியில் பழமோ இலையோ எதுவும் வேண்டாம். பழத்தைப் பிசைந்து விதையை அலசிக் காயவைத்து வேறு மண்ணில் தூவுங்கள், லேசாக மண் மூடினால் போதும், தானாக வந்துவிடும்.