குமுளியில் நின்ற வண்டி: பிக்கப்பில் அப்டேட் கேட்டால் உடனே சரி கொடுக்கலாமா?

கம்பத்திலிருந்து:

பன்னீர் திராட்சை ஏற்றிக் கோட்டயத்துக்கு ஓட்டுகிறேன். போன வருடம் எடுத்த பிக்கப். உள்ளேயே சிம் இருக்கிறது, அப்டேட்டுக்கு ஷோரூம் வரவே வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

இரண்டு வாரம் முன்னால் லோயர் கேம்ப் ஏறிக் குமுளி வந்தபோது அதிகாலை மூன்றரை. டீ குடிக்க ஓரம் கட்டினேன். புதிய மென்பொருள் தயார், 35 நிமிடம் ஆகும், இப்போதே போடலாமா என்று திரையில் கேட்டது. எப்படியும் அரை மணி நேரம் நிற்கத்தானே போகிறோம் என்று சரி கொடுத்தேன். நல்ல பனிமூட்டம். பின்னால் வருகிறவர் இடித்துவிடக் கூடாதே என்று நான்கு இண்டிகேட்டரும் எரிந்துகொண்டிருந்தன, செல்போன் சார்ஜில் இருந்தது. பாதியில் திரை இருண்டது. அப்புறம் சாவி போட்டால் செல்ஃப் எடுக்கவே இல்லை.

இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டுப் பார்த்தோம். விளக்கு எரிந்தது, எஞ்சின் எழவில்லை. உதவி எண்ணில் காத்திருக்கச் சொன்னார்கள். லேப்டாப்போடு ஆள் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. கோட்டயத்தில் வியாபாரம் முடிந்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கொத்திலிருந்து பழம் உதிர ஆரம்பித்திருந்தது. தோட்டக்காரர் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்த பழம், அவருக்கு போன் போட்டுச் சொல்லும்போது எனக்குக் குரலே வரவில்லை.

வந்த பையன் பொறுமையாக விளக்கினான். டவுன்லோடு வேறு, ஏற்றுவது வேறு. டவுன்லோடு வண்டி ஓடும்போதே நடந்துவிடும். எஞ்சினைக் கவனிக்கிற பெட்டிக்குள் அதை எழுதும்போது மட்டும் எஞ்சின் நின்றிருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் வேலை 12 வோல்ட் பேட்டரியில்தான் நடக்கிறது, பேட்டரி இறங்கினால் எழுத்து பாதியில் நின்றுவிடும். சில பெட்டிகளில் பழையதற்கு ஓர் இடம், புதியதற்கு ஓர் இடம் என்று இரண்டு வைத்திருப்பார்கள். அதில் பாதியில் நின்றாலும் வண்டி பழையதில் எழுந்துவிடும். என் வண்டியில் அந்தப் பெட்டிக்கு ஒரே இடம்தான்.

இனி அப்டேட்டே வேண்டாம் என்று இருக்கிறேன். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

பொள்ளாச்சியிலிருந்து:

அண்ணே, வேண்டாம் என்று மட்டும் இருந்துவிடாதீங்க. நான் அப்படித்தான் எட்டு மாதம் இருந்தேன். ஓடுகிற வண்டியை எதற்கு நோண்ட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தள்ளிவிடுவேன். நெம்மாறை வழியாக நெல்லியாம்பதி எஸ்டேட்டுக்கு மளிகைச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, இறக்கத்தில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற அமைப்பு அது). ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இரண்டாவது கியரிலேயே உருட்டிக் கீழே வந்து சேர்ந்தேன். ஒர்க்‌ஷாப்பில் பார்த்தால் சென்சர் நன்றாக இருக்கிறது, மென்பொருள்தான் அதைத் தவறாகப் படிக்கிறது. அதைத் திருத்தி ஐந்து மாதம் முன்பே அனுப்பியிருக்கிறார்கள். நான் தள்ளிய அப்டேட்டில் ஒன்று அதுதான்.

எனக்குக் கோபம் எதில் என்றால், திரையில் "பொதுவான மேம்பாடுகள்" என்று மட்டும் இருந்தது. பிரேக் சம்பந்தப்பட்டது என்று ஒரு வரி இருந்திருந்தால் அன்றே போட்டிருப்பேன். ஐ.நா.வின் 156-ஆம் வாகன விதி என்று ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் 2022 ஜூலையிலிருந்து புதிய மாடல்களுக்கு அது கட்டாயம். அப்டேட் எதற்கு, எவ்வளவு நேரம் ஆகும் என்று வண்டிக்காரருக்குச் சொல்ல வேண்டும். பாதியில் கெட்டால் பழையதற்கோ பாதுகாப்பான நிலைக்கோ திரும்ப வேண்டும். மலை இறங்குகிற நமக்கும் அது வேண்டும்தானே?

நகரியிலிருந்து:

விசைத்தறித் துணி ஏற்றிப் புத்தூர், திருத்தணி என்று ஓட்டுகிறேன். என் வண்டியில் அப்டேட் வராது. ஆனால் தம்பி டெக்சாஸில் ரிவியன் பிக்கப் வைத்திருக்கிறான். 2023 நவம்பரில் அந்த நிறுவனம் தவறான பாதுகாப்புச் சான்று (மென்பொருள் அசல்தானா என்று வண்டி சரிபார்க்கிற டிஜிட்டல் அடையாளம்) உள்ள மென்பொருளைச் சில வண்டிகளுக்கு அனுப்பிவிட்டது. திரை செயலிழந்தது, வண்டி ஓடியது. தப்பை நிறுவனமே வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. தம்பி வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து, வந்த அன்றே போடாமல் ஒரு வாரம் பொறுத்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுகிறான்.

இன்னொன்றும் சொன்னான். டெஸ்லா 2024 பிப்ரவரியில் சுமார் 22 லட்சம் வண்டிகளில் எச்சரிக்கை விளக்கின் எழுத்து சிறிதாக இருந்ததை அப்டேட்டிலேயே சரிசெய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் சைபர்டிரக் பிக்கப்புகள் 3,878-இல் ஆக்சிலரேட்டர் பெடலின் மேல்தகடு கழன்று சிக்கக்கூடும் என்று தெரிந்தபோது, வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கம்பத்திலிருந்து:

பொள்ளாச்சித் தம்பி சொன்னதைப் படித்தபின் இரண்டு நாள் யோசித்தேன். ஷோரூமுக்கு போன் போட்டு, அடுத்து வந்திருக்கும் அப்டேட்டில் என்ன இருக்கிறது என்று விடாமல் கேட்டேன். கியர் சம்பந்தப்பட்டது என்றார்கள். சனிக்கிழமை பேட்டரியைச் சோதித்தேன். ஞாயிறு காலை சரக்கு இல்லாமல் வீட்டு வாசலில் நிறுத்தி, போனைக் கழற்றி, விளக்கெல்லாம் அணைத்துவிட்டுச் சரி கொடுத்தேன். 38 நிமிடம் ஆயிற்று. புதிய பதிப்பு எண்ணைப் படம் எடுத்து வைத்தேன். மதியம் காலி வண்டியோடு குட்டிக்கானம் போய், முண்டக்கயம் வரை இறங்கி, கியரையும் பிரேக்கையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். திங்கட்கிழமைதான் திராட்சை ஏற்றினேன்.