பட்டுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டுகிறேன்: முற்றம் வைக்கலாமா?

தெம்பனிஸ்வாசி:
அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். ஊரில் தென்னந்தோப்பை ஒட்டி எட்டு சென்ட் இடம் இருக்கிறது. திண்ணை, நடுவில் முற்றம், மேலே ஓடு என்று பழைய முறையில் கட்ட ஆசை. காங்கிரீட் போட்டு மாடி எடுக்கலாம் என்கிறான் தம்பி. முப்பது வருடம் சிங்கப்பூரில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் மின்விசிறிக்கு அடியிலேயே கழிந்துவிட்டது. இனியாவது திண்ணையில் உட்கார்ந்து காற்று வாங்க வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

ஈசூன் மலர்:
அண்ணே, தம்பி பேச்சைக் கேளுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது என் அம்மா அந்தப் பக்கம் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். முதலில் ஓரத்து ஓடு நாலைந்து பறந்திருக்கிறது. அந்தச் சந்தில் காற்று புகுந்ததும் வரிசை வரிசையாகப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அம்மா கட்டிலுக்கு அடியில் படுத்து உயிர் பிழைத்தார். எனக்கு மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. இப்போது காங்கிரீட் வீடு. பகலில் வேகிறதுதான், ஆனால் மழைக்காலத்தில் நான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன்.

வரைபடக்காரன்:
அக்கா, அம்மா பட்டது கொடுமை. ஆனாலும் ஓட்டின் மேல் பழி போடாதீர்கள். நான் கட்டட வரைபட வேலையில் இருக்கிறேன். சும்மா அடுக்கி வைத்த ஓடு பறக்கத்தான் செய்யும். ஒவ்வொன்றையும் ரீப்பரோடு (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கம்பி போட்டுக் கட்டி, கைமரத்தைச் சுவரில் பதித்த இரும்புப் பட்டையோடு முடுக்க வேண்டும். இரண்டு பக்கச் சரிவைவிட நாலு பக்கச் சரிவு புயலைத் தாங்கும். திண்ணைக்குக் கூரை தனியாக இருக்கட்டும்; அது பிய்ந்தாலும் பெரிய கூரையை இழுக்காது. அப்புறம் முற்றம். வீட்டுக்குள் சேரும் சூடு அது வழியாக மேலே போகும், திண்ணைப் பக்கமிருந்து காற்று உள்ளே வரும். அதை அடைத்துவிட்டு ஏர்கான் மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பழைய கம்பத்துக்காரர்:
1961 மே மாதம் இங்கே சிங்கப்பூரில் புக்கிட் ஹோ சுவீ தீயில் எங்கள் அத்தாப்பு (ஓலைக் கூரை) வீடு போனது. அன்று ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தோம். அப்புறம் அடுக்குமாடி வீட்டில் குழாயைத் திருகித் தண்ணீர் கொட்டியபோது அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குக் காங்கிரீட்டின் மேல் நன்றி உண்டு. தம்பி தெம்பனிஸ், ஒன்று கேட்கிறேன். மழை விட்டதும் முற்றத்துப் பாசியைத் தேய்க்கப்போவது யார்? உங்கள் மனைவியின் முழங்காலையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸ்வாசி:
ஐயா கேட்டதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "முற்றம் இருக்கட்டும், தேய்ப்பது நீங்கள்" என்றாள். ஒப்புக்கொண்டேன். எட்டுக்கு எட்டு அடி போதும், தரை வழுக்காத கல். மலர் சொன்னதற்காகப் படுக்கையறைக்கு மட்டும் காங்கிரீட் கூரை. புயல் வந்தால் அதற்குள் போய்விடலாம். மற்றதெல்லாம் கம்பி போட்டுக் கட்டிய ஓடு.

ஈசூன் மலர்:
அந்த அறை நல்ல யோசனை அண்ணே. முற்றத்தில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. வைப்பதென்றால் தண்ணீர் போகும் குழாயைப் பெரியதாகப் போடச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் தென்னஞ்சருகு ஒன்று அடைத்தால் போதும், தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடும்.