ஸ்பிரிங் ஏர் ரைபிள்: ஸ்டாக் ஸ்க்ரூ அடிக்கடி தளர்கிறது, என்ன செய்யலாம்?

குன்னூர்_டார்கெட்
4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைபிள், பீப்பாயை மடித்து லோடு செய்யும் வகை, ஸ்டாக் மரக்கட்டை. பேப்பர் டார்கெட்டுக்கு மட்டும். நூறு பெல்லட் போவதற்குள் முன்பக்க ஸ்க்ரூ இரண்டும் ட்ரிகர் கார்டு ஸ்க்ரூவும் லூஸாகி, 10 மீட்டரில் குரூப் (பேப்பரில் விழும் ஓட்டைகளின் கூட்டம்) விரிந்துவிடுகிறது. ஸ்பிரிங் வாஷர் போட்டும் நிற்கவில்லை. ஐப்பசி மழையில் கட்டை ஊறுவது காரணமா? மரையில் விடும் ஒட்டான லாக்டைட் போட்டால் எந்த நிறம்?

கோத்தகிரி_ஃபிட்டர்
மழைக்கும் பங்கு உண்டு, ஆனால் மூல காரணம் உதைதான். பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னே போகும். பிஸ்டன் முட்டி நிற்கும் கணத்தில் முன்னே இழுபடும். கட்டைக்கும் பிஸ்டன் ஓடும் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை நழுவல் இருந்தாலும் ஸ்க்ரூ பக்கவாட்டில் ஆடி, தானாகவே கழலும். பக்கவாட்டு ஆட்டம்தான் போல்ட்டைக் கழற்றுகிறது என்று யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-லேயே சோதனையில் காட்டினார். அந்த ஆட்டத்தை ஸ்பிரிங் வாஷர் தாங்காது. மரத்தில் அதன் முனை குழி பறிக்கும், அவ்வளவுதான். எடுத்துவிடுங்கள்.

லாக்டைட்டை எடுத்த எடுப்பில் ஊற்றாதீர்கள். அது ஸ்க்ரூ சுழல்வதைத் தடுக்கும். தலைக்குக் கீழே மரம் அமுங்கினால் பிடிமானம் அப்போதும் போய்விடும். அதனால் முதலில் மரம் அமுங்கி முடியட்டும். பெல்லட் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மூன்று ஸ்க்ரூவையும் லாக்டைட் இல்லாமல் முறுக்குங்கள். முன்பக்க இரண்டையும் கால் சுற்று, கால் சுற்றாக மாற்றி மாற்றி. 2 நியூட்டன் மீட்டர் நல்ல தொடக்கம். கையேட்டில் அளவு இருந்தால் அதுவே கணக்கு. முறுக்கு விசையை அளந்து திருப்பும் டார்க் டிரைவர் இல்லையென்றால் ஆலன் கீயின் நீளக் கையை ஸ்க்ரூவில் விட்டு, குட்டைக் கையை இரண்டு விரலால் திருப்புங்கள். ஐம்பது பெல்லட் சுட்டு மறுபடி முறுக்குங்கள். இனி நகரவில்லை என்றானதும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஸ்க்ரூ மரையையும் துளையின் மரையையும் அசிட்டோனால் துடைத்துக் காயவிட்டு, நுனி மரையில் லாக்டைட் நீலம் 243 ஒரே ஒரு சொட்டு. முறுக்கியபின் தலையிலிருந்து கட்டைவரை நகப்பூச்சால் ஒரு கோடு. கோடு விலகினால் பார்த்ததும் தெரியும். காய்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் என்று திருப்பினால் ஒட்டு உடைந்துவிடும். கழற்றி, சுத்தம் செய்து, புதிதாகத்தான் போட வேண்டும்.

ஊட்டி_காந்தல்
சிவப்பு 271 வேண்டவே வேண்டாம். அதைக் கழற்ற 250 டிகிரி சூடு காட்ட வேண்டும். கட்டையும் சீலும் தாங்காது. நீலம் 22 டிகிரியில் 24 மணி நேரத்தில் முழுப் பலம் பெறும். மார்கழிக் குளிரில் அந்தக் கணக்கு செல்லாது. அடுப்படிப் பக்கம் வைத்து இரண்டு நாள் விடுங்கள். ஸ்க்ரூவில் டபிள்யூடி-40 அடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். எண்ணெய் மரத்துக்குள் இறங்கி அதை மென்மையாக்கும்.

கொடை_ஸ்கோப்
ஸ்டாக் மேல் பழி போடுமுன் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, பீப்பாய் மடியும் பிவட் போல்ட்.  பூட்டியபின் பீப்பாய் பக்கவாட்டில் ஆடக் கூடாது. இரண்டாவது ஸ்கோப். ஸ்பிரிங் ரைபிள் உதையில், ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் அது பொருந்தும் தண்டவாளத்தில் பின்னுக்கு நகரும். தண்டவாளத்து எண்ணெயைத் துடைத்து, ரிங்கை நகரவிடாமல் தடுக்கும் ஸ்டாப் பின் அதன் துளையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிங் ஸ்க்ரூவைக் குறுக்கும் நெடுக்குமாக 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரை. அதற்குமேல் போனால் ஸ்கோப் குழாய் நசுங்கும். அங்கே 243 கூட அதிகம். தேவையென்றால் ஊதா 222.

குன்னூர்_டார்கெட்
நன்றி அண்ணா. பிவட் சரியாக இருக்கிறது. ஆனால் முன்பக்க ஓட்டையில் மரம் ஏற்கெனவே குழிந்துவிட்டது.

கோத்தகிரி_ஃபிட்டர்
லேசான குழி என்றால் ஸ்க்ரூ தலைக்குப் பொருந்தும் கிண்ண வாஷர் போதும், அழுத்தம் பரவும். ஆழமென்றால் ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, சிறு பித்தளைக் குழாயை எபாக்ஸியில் பதியுங்கள். குழாயின் உள்முனை மரத்தோடு சமமாக நிற்க வேண்டும். தூக்கலாக நின்றால் சிலிண்டர் கட்டையில் உட்காராது. கையோடு கட்டையின் உட்புறத்தையும் பாருங்கள். பெரும்பாலும் பூச்சு இல்லாத வெறும் மரமாகவே விட்டிருப்பார்கள். மெல்லிய பாலியூரிதேன் வார்னிஷ் இரண்டு கோட் கொடுத்தால் உங்கள் ஊர் வடகிழக்கு மழைக்கு ஊறி, தை மாசி வறட்சியில் சுருங்குவது நன்றாகக் குறையும். ஸ்பாஞ்ச் வைத்த உறைக்குள் மட்டும் மூடி வைக்காதீர்கள், ஈரத்தை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும்.