கோடையில் சென்னை - நாகை பாய்ப்படகுப் பயணம்: காற்றும் நங்கூரமிடும் இடங்களும்

கேள்வி (சத்துவாச்சாரி, வேலூர்)

வணக்கம். நானும் என் மைத்துனரும் கல்லூரியில் படிக்கும் என் மகனும் மூன்று ஆண்டுகளாகச் சென்னையில் பாய்ப்படகு ஓட்டப் பழகிவருகிறோம். 22 அடி நீளமுள்ள படகு ஒன்று எங்களிடம் இருக்கிறது. அடியில் இறங்கியிருக்கும் ஏராப் பலகையை மேலே தூக்கிக்கொள்ள முடியும் என்பதால் இரண்டரை அடி ஆழத்திலும் அது மிதக்கும். அவசரத்துக்கு 6 குதிரைத்திறன் எஞ்சினும் உண்டு.

மே 10 அன்று சென்னையில் புறப்பட்டு, மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர் வழியாக ஆறு நாட்களில் நாகப்பட்டினம் சென்றடைய எண்ணியிருக்கிறோம். அந்த நாட்களில் காற்று எப்படியிருக்கும், இரவில் எங்கெங்கே நங்கூரமிடலாம், வானிலை கெட்டால் எங்கே ஒதுங்கலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த ஆறு வயலூர் அருகே கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஓர் இரவாவது படகை நிறுத்தித் தங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அது முடியுமா என்பதையும் தெரிவியுங்கள்.

பதில் (காட்பாடி, ஓய்வுபெற்ற வணிகக் கப்பல் அதிகாரி)

ஐயா, இடங்களைப் பற்றி யோசிப்பதற்கு முன் பயணத்தின் திசையை மாற்றுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நம் சோழமண்டலக் கரையில் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். பிப்ரவரி முதல் மே வரை கரையோர நீரோட்டமும் வடக்கு நோக்கியே ஓடும். சென்னையிலிருந்து தெற்கே போனால் இரண்டும் உங்களுக்கு எதிர். எதிர்க்காற்றில் பாய்ப்படகு நேரே செல்லாது, வலமும் இடமுமாக மாறி மாறி வெட்டித்தான் முன்னேற வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையிலுள்ள ஏறக்குறைய 75 கடல்மைல் (ஒரு கடல்மைல் சுமார் 1.85 கி.மீ.) அப்போது நூறைத் தாண்டிவிடும். படகை இழுவண்டியில் நாகைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து வடக்கே வாருங்கள். அதே காற்றும் அதே நீரோட்டமும் உங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

நங்கூரமிடுவதைப் பொறுத்தவரை, இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று ஒன்றும் கிடையாது. செயற்கைத் துறைமுகம் கட்டப்படும் வரை மெட்ராஸுக்கு வந்த கப்பல்கள் திறந்த கடலிலேயே நின்றன. ஆட்களும் சரக்கும், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டித்தான் கரை சேர்ந்தார்கள். ஆகவே மாமல்லபுரம் போன்ற இடங்களைத் தங்குமிடமாகக் கருதாதீர்கள். சில மணி நேரம் மட்டுமே நிற்கக்கூடிய இடங்கள் அவை. நள்ளிரவுக்குப் பிறகு தரைக்காற்று மேற்கிலிருந்து வீசும்போது நங்கூரம் பிடி தவறினாலும் படகு கடலை நோக்கித்தான் நகரும். முற்பகல் பதினொரு மணி வாக்கில் கடற்காற்று எழுந்தபின் பிடி தவறினால், அலை உடைகிற இடத்துக்கே படகு தள்ளப்படும். அதனால் கடற்காற்று எழுவதற்குள் நங்கூரத்தை எடுத்துப் பாய் விரித்துவிட வேண்டும். ஐந்து மீட்டர் ஆழமானால் 35 மீட்டர் கயிறாவது விடுங்கள். கயிற்றில் கஞ்சத்தனம் கூடாது.

தேதியையும் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். 2016 மே மாதத்தில் இலங்கை அருகே உருவான ரோணு புயல், நம் கரையை ஒட்டியே வடக்கே நகர்ந்து வங்கதேசத்தில் கரையேறியது. சிறு படகு போகவேண்டிய அதே பாதை அது. ஏப்ரல் இரண்டாம் பாதியில் இந்த ஆபத்து முற்றிலும் இல்லையென்று சொல்லமாட்டேன். மே மாதத்தைவிடக் குறைவு. வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பையும் ஒவ்வொரு நாளும் பார்த்தபிறகே புறப்படுங்கள்.

பதில் (ராணிப்பேட்டை; சொந்த ஊர் நாகை அக்கரைப்பேட்டை)

காட்பாடி ஐயா சொன்னதே சரி. எங்கள் ஊர்ப் பெரியவர்களும் காற்றை எதிர்த்துப் போகாமல், காற்றுக்காகக் காத்திருந்து போனவர்கள்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இரவில் இழுவலைப் படகுகளின் தொல்லை இராது என்பது உங்களுக்கு நன்மை. ஆனால் அந்தப் படகுகள் எல்லாமே துறைக்குள் நிற்கும். நாகையிலும் கடலூரிலும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்டிருக்கும்போது உங்கள் 22 அடிப் படகுக்கு ஓரம் கிடைப்பதே அரிது. முன்கூட்டியே நேரில் சென்று மீன்வளத் துறை அலுவலகத்திலும் ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் பேசுங்கள். நேரில் போய்க் கேட்டவரை எங்கள் ஆட்கள் கைவிடமாட்டார்கள். பழுதுபார்க்கப் படகுகளைக் கரையேற்றும் காலம் அது என்பதால், உங்கள் படகை இறக்கக் கிரேன் கிடைப்பதும் எளிது. நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது. கரையோரம் அவர்கள் வலை விரித்திருப்பார்கள், மிதவைகளைக் கவனித்து விலகிப் போங்கள்.

நாகைத் துறை கடுவையாற்றின் வாயில் இருக்கிறது. அங்கிருந்து கடலூர் ஏறக்குறைய 57 கடல்மைல். கடலூரிலும் புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்றின் வாயிலும் மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். சென்ற ஆண்டு போன வழியில் இந்த ஆண்டு ஆழம் இருக்கும் என்று நம்பக்கூடாது. உள்ளூர்க்காரர் ஒருவரைப் படகில் ஏற்றிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், நீர் ஏறும் நேரத்தில் மட்டும் நுழையுங்கள்.

பாலாற்று முகத்துவாரத்தைப் பற்றி வருத்தத்தோடுதான் சொல்கிறேன்: அது முடியாது. கோடையில் ஆற்றில் நீர் வரத்து இல்லாததால், கடல் ஒதுக்கும் மணல் வாயை மூடிவிடும். வெளியே நிற்கவும் மறைவு கிடையாது. அதற்குச் சற்று வடக்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருப்பதால், அந்தக் கரைக்கு ஐந்து கடல்மைலுக்குள் நெருங்காமல் இருப்பதே நல்லது. தமிழகக் காவல்துறையின் பிரிவான கடலோரக் காவல் குழுமத்துக்குப் பயண விவரத்தை எழுத்தில் முன்பே கொடுத்துவிடுங்கள். அவர்களின் எண் 1093. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. திசையை மாற்றிக்கொள்கிறோம். கோடை இடிமழை மட்டும் இன்னும் அச்சமூட்டுகிறது. சென்ற ஆண்டு கடலில் இருந்தபோது, பத்து நிமிடத்துக்குள் மேற்கிலிருந்து காற்று பாய்ந்து எங்கள் முன்பாய் கிழிந்துபோயிற்று. அதை முன்னரே அறிய வழியுண்டா?

பதில் (ஆரணி)

உண்டு, அந்த வழியை நம் வடாற்காட்டு வானமே காட்டும். வெயில் கொளுத்தும் நாளில், பிற்பகலில் ஜவ்வாது மலை மீதும் சித்தூர்ப் பக்கமும் மேகம் செங்குத்தாக எழுகிறது. மேலடுக்கில் காற்று மேற்கிலிருந்து வீசினால், அந்த மேகக்கூட்டம் வேலூர், ஆற்காடு வழியாக நகர்ந்து முன்னிரவிலோ நள்ளிரவை ஒட்டியோ கடற்கரையை எட்டுகிறது. மழைக்கு முன்னால் ஓடிவரும் குளிர்காற்றுதான் உங்கள் பாயைக் கிழித்திருக்க வேண்டும். கடலில் இருப்பவருக்கு அது திடீரென்று வந்ததாகத் தோன்றும். ஊரில் இருக்கும் நாம் ஐந்தாறு மணி நேரத்துக்கு முன்பே அதைக் கண்ணால் பார்த்திருப்போம்.

எனவே வீட்டில் ஒருவரை இதற்கென்றே அமர்த்துங்கள். மாலை நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் அவர் மேற்கு வானத்தையும் சென்னை, காரைக்கால் ரேடார் படங்களையும் பார்த்து உங்களுக்குச் செய்தி அனுப்பட்டும். இடிமேகம் கிழக்கே நகர்கிறது என்று செய்தி வந்தால் அன்றிரவு துறையை விட்டு வெளியேறாதீர்கள். ஏற்கெனவே வெளியே இருந்தால், கரையிலிருந்து விலகி, பெரிய பாயை முழுவதும் இறக்கி, உயிர்காப்பு உடையை அணிந்து காத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்

முடிவு செய்துவிட்டோம். சித்திரை முதல் வாரம் கழிந்ததும் நாகையிலிருந்து புறப்படுகிறோம். வரும் ஞாயிறன்று நானும் மைத்துனரும் நாகைக்கும் கடலூருக்கும் நேரில் சென்று பேசப் போகிறோம். வானத்தைப் பார்க்கும் வேலையை என் மனைவி ஏற்றுக்கொண்டிருக்கிறார். எங்கள் மாடியிலிருந்து மேற்குத் திசை முழுவதும் தெரியும். புதுச்சேரியிலிருந்து மாலை ஐந்து மணிக்கு வெளிச்சம் இருக்கும்போதே மணல்மேட்டைத் தாண்டி, இரவு முழுவதும் மெல்ல ஓட்டினால், விடியும் நேரத்தில் பாலாற்று முகத்துவாரத்துக்கு நேரே கடலில் இருப்போம் என்று கணக்கிட்டிருக்கிறேன். ஐந்து கடல்மைல் தொலைவிலிருந்து பார்ப்பதே எனக்குப் போதும்.